இரண்டடி முன்னால் போங்கள்

கேமரா வாங்கப் போகும் நண்பர்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஜூம் இருந்தா நல்லது சார்?" என்பதுதான். ஜூமே வேண்டாம் என்பேன். சொன்னதும் முகம் சுருங்கும். காசு கொடுத்து வாங்கும் பொருளில் ஒரு வசதி குறைவதை யார்தான் விரும்புவார்கள்? ஆனாலும் இத்தனை வருடம் படம் எடுத்தவன் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன். அன்றாடம் கூடவே இருக்க வேண்டிய கேமராவுக்கு ஒரு லென்ஸ் போதும். அதுவும் கழற்றி மாற்ற முடியாததாக இருந்தால் ரொம்ப நல்லது.

இந்த வகையில் இன்று பேர் வாங்கியவை ரிக்கோ ஜிஆர் வரிசையும் ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையும். 2019-இல் வந்த ஜிஆர் 3, பேட்டரியும் கார்டும் சேர்த்து 257 கிராம்தான். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போய் வரலாம். உள்ளே ஒளியைப் படமாகப் பதியும் சென்சாரோ, தோளில் தொங்கவிடும் பெரிய கேமராக்கள் பலவற்றில் உள்ள அதே ஏபிஎஸ்-சி அளவு. பழைய பிலிம் கணக்கில் சொன்னால் ஜிஆர் 3-இன் லென்ஸ் 28 மில்லிமீட்டர், எக்ஸ்100-இல் 35 (எண் குறையக் குறையப் படத்துக்குள் வரும் அகலம் கூடும்). இது புது யோசனையும் இல்லை. 1967 முதல் 1984 வரை விற்ற ஒலிம்பஸ் ட்ரிப் 35-க்கும் 40 மில்லிமீட்டரில் ஒரே லென்ஸ்தான், பேட்டரிகூடக் கிடையாது. எங்கள் இளமையில் வீட்டுக்கு வீடு இரவல் போய்க்கொண்டிருந்த ஆக்ஃபா க்ளிக் 3-லும் ஒரே லென்ஸ். ஒரு ரோலுக்கு 12 படம். அதில்தான் பல குடும்பங்களின் சரித்திரமே பதிவாகியிருக்கிறது.

ஜூம் இல்லையென்றால் என்ன ஆகும்? நாம் நடக்க வேண்டும். நான் சொல்ல வருவதெல்லாம் இது ஒன்றைத்தான்.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பெரிய லென்ஸை நீட்டிக்கொண்டு எட்ட நின்றே படம் எடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 28 மில்லிமீட்டரோடு போகிறவனுக்கு அந்த வழி கிடையாது. பூக்கட்டும் விரல்கள் வேண்டுமென்றால் அந்தம்மாவுக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார வேண்டும். உட்காருவதற்கு முன் கேட்க வேண்டும்.

"தாயி, பூக்கட்டுற கையை ஒரு படம் எடுத்துக்கிறட்டுமா?"

"எடுங்கய்யா. மூஞ்சி மட்டும் வேணாம், இன்னும் தலைகூட சீவலை."

அதற்குப் பிறகுதான் எல்லாம் கண்ணில் படுகிறது. நனைத்து வைத்த வாழைநார். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு, நாரை ஒரு சுற்றுச் சுற்றி விரலால் ஓர் இழுப்பு. பக்கத்துக் கடைக்காரரோடு விலை பேசிக்கொண்டே, பூவைப் பார்க்காமலே கட்டுகிறார். ஈரநாரிலேயே கிடந்து ஆட்காட்டி விரலின் நுனி வெளுத்துச் சுருங்கியிருக்கிறது. எட்ட நிற்பவருக்கு அதைத் தேடவே தோன்றாது.

ஒரே லென்ஸோடு பழகினால் இன்னொன்றும் கைகூடும். 35 மில்லிமீட்டருக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறோமோ, ஏறக்குறைய அத்தனை மீட்டர் அகலம் படத்துக்குள் வரும். 2 மீட்டரில் நின்றால் 2 மீட்டர். நாளடைவில் கேமராவை எடுக்கும் முன்பே கால் சரியான இடத்தில் போய் நின்றுவிடும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸோனின் லைக்கா கேமராவில் லென்ஸை மாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் அவர் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் ஒன்றையே நம்பினார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து, ரமண மகரிஷியை அவருடைய கடைசி நாட்களில் படம் எடுத்தவர் அவர். உலகமே கொண்டாடும் கண்ணுக்கு ஒரு லென்ஸ் போதுமாயிருந்ததென்றால், நமக்குப் போதாதா?

வெயில் நேரத்தில் லென்ஸின் திறப்பை எஃப்/8-இல் வைத்து, ஃபோகஸை 2 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். ஜிஆரில் இதற்கென்றே ஸ்னாப் ஃபோகஸ் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 1 மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை தெளிவாக விழும். ஷட்டர் வேகம் நொடியில் 500-இல் ஒரு பங்கு என்றால் ஓடுகிற பேரனும் கலங்காமல் விழுவான். எக்ஸ்100-இல் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் லீஃப் ஷட்டர் எழுப்பும் சத்தம் மிக மெலிது. தூளியில் தூங்கும் குழந்தை விழிக்காது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி ஆண்டுவிழாவில் கடைசி வரிசையிலிருந்து பேத்தியை எடுக்க இது உதவாது, பறவைகளுக்கும் உதவாது. ஜிஆர் 3-இன் பேட்டரி சுமார் 200 படம்தான் தாங்கும். இன்னொன்று பையில் வேண்டும். 28 மில்லிமீட்டரில் முகத்துக்கு மிக அருகே போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். 1 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்பது நல்லது. விலையும் அதிகம். பழைய மாடல் கைமாற்றாகக் கிடைத்தால் தயங்க வேண்டாம்.

எங்கள் வீட்டு ஆல்பத்தில் அம்மாவின் படங்கள் எல்லாமே கல்யாண மண்டபங்களில் எடுத்தவை. பட்டுப்புடவை, விறைத்த தோள், கேமராவைப் பார்த்து மூச்சை அடக்கிய முகம். அம்மியில் அரைக்கும் அம்மா, திண்ணையில் பேன் பார்க்கும் அம்மா, அரிசியில் கல் பொறுக்கும் அம்மா ஒரு படத்திலும் இல்லை. அன்று பிலிம் விலை அப்படி. விசேஷத்துக்கென்று எடுத்து வைத்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இன்று நமக்கு அந்தத் தட்டுப்பாடு கிடையாது. இருந்தும் பிறந்தநாள் கேக்கையும் கோபுரத்தையும்தான் எடுக்கிறோம். தினமும் நமக்குச் சோறு போடுகிற கையை எடுப்பதில்லை. மிகச் சாதாரணமான நாட்கள்தான் முதலில் மறந்துபோகின்றன. அவற்றைத்தான் கேமரா காப்பாற்ற வேண்டும்.

கேமரா வாங்க வசதியில்லை என்றால் போனே போதும். இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். தேவைப்பட்டால் இரண்டடி முன்னால் போங்கள். இன்று அடுப்படியில் நிற்பவரிடம் கேட்டுவிட்டு, ஒரே ஒரு படம் எடுங்கள். அதை ஸ்டுடியோவில் கொடுத்து பிரிண்ட் போட்டு, பின்னால் பெயரும் தேதியும் எழுதி, அவர் கையிலேயே கொடுங்கள்.