ஹூக்ளிக் கரையில் தாத்தாவின் ஊர்

நூற்றாண்டுக்கு முன்பு கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகள் கார்டன் ரீச்சுக்குத் திரும்பி வருகிறார்கள். பலர் கையில் இருப்பது ஒரே ஒரு தாள்.

கிதிர்பூரைத் தாண்டி மேற்கே போகும் சாலையில் லாரிகளுக்கு ஓய்வே இல்லை. ஒரு பக்கம் துறைமுகக் கிடங்குகளின் நீண்ட மதில். உள்ளே போனால் மேட்டியாபுருஜின் தையல்காரர்களும் துணி மூட்டைகளும். மதிலுக்கு அப்பால் ஹூக்ளி ஓடுகிறது என்பது, சந்து ஒன்று திறந்து துறை தெரியும்போதுதான் நினைவுக்கு வரும்.

இந்த இடத்துக்குப் பெயர் தந்தவை தோட்டங்கள். 18-ம் நூற்றாண்டில் கம்பெனிக் கனவான்கள் ஆற்றோரமாக இங்கே பங்களா கட்டிக்கொண்டார்கள். 1856-ல் ஆங்கிலேயரிடம் ராஜ்ஜியத்தைப் பறிகொடுத்த அவத் நவாப் வாஜித் அலி ஷா இங்கே வந்து குட்டி லக்னோ ஒன்றை உருவாக்கி, 1887-ல் இங்கேயே இறந்தார். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் பலருக்கு நினைவுக்கு வருவது கடற்படைக்குக் கப்பல் கட்டும் அரசு நிறுவனம்தான்.

தோட்டமும் நவாபும் போக, கார்டன் ரீச்சுக்கு இன்னொரு சரித்திரம் உண்டு. டிரினிடாட், கயானா, சூரினாம், ஃபிஜி நாடுகளில் வாழும் லட்சக்கணக்கான குடும்பங்களின் கதை இந்தக் கரையில்தான் ஆரம்பிக்கிறது. அவர்களுடைய தாத்தா, கொள்ளுத் தாத்தா இந்திய மண்ணில் கடைசியாகக் கால் வைத்த இடம் இது.

அடிமை முறை ஒழிந்தபின் பிரிட்டிஷ் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834-ல் கல்கத்தாவிலிருந்து 'அட்லஸ்' கப்பல் மொரீஷியஸுக்குப் போனது. 1838-ல் 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' பிரிட்டிஷ் கயானாவுக்கு. 1845-ல் 'ஃபத்தேல் ரசாக்' டிரினிடாடுக்கு. 1873-ல் 'லல்லா ரூக்' சூரினாமுக்கு. 1879-ல் 'லியோனிடாஸ்' ஃபிஜிக்கு. ஆள் சேர்ப்பு 1917-ல் நிற்பதற்குள் கயானாவுக்கு சுமார் 2,39,000 பேரும், டிரினிடாடுக்கு சுமார் 1,44,000 பேரும், ஃபிஜிக்கு 60,000-க்கு மேற்பட்டவர்களும், சூரினாமுக்கு 34,000-க்கு மேற்பட்டவர்களும் போய்விட்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஏறியது கல்கத்தாவில், மற்றவர்கள் சென்னையில்.

ஆற்றோரமாக ஒவ்வொரு காலனிக்கும் ஒரு டெப்போ இருந்தது. பீகாரிலும் ஐக்கிய மாகாணத்திலும் தரகர்கள் பிடித்த ஆட்கள் மாவட்ட அலுவலகத்தில் பதிவாகி, ரயிலில் ஹவுரா வந்து, டெப்போவுக்குள் அடைவார்கள். டாக்டர் சோதிப்பார். ஐந்து வருட ஒப்பந்தம் படித்துக் காட்டப்படும். 'அக்ரிமென்ட்' என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆனது. அவர்களே 'கிர்மிட்டியா' ஆனார்கள். ஒரே கப்பலில் போனவர்கள் 'ஜஹாஜி பாய்' - கப்பல் சகோதரர்கள். ஊரில் தொட்டால் தீட்டு என்றிருந்தவர்கள் கப்பல் சோற்றில் உறவானார்கள்.

அந்தத் தாள்

வாரிசுகள் கையில் கொண்டுவரும் தாளின் பெயர் எமிக்ரேஷன் பாஸ். பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, உயரம், உடலில் உள்ள அடையாளத் தழும்பு, ஜில்லா, தாணா, கிராமம், நெருங்கிய உறவினர் - எல்லாம் ஒரே பக்கத்தில். கீழே டாக்டரும் குடிபெயர்வோர் பாதுகாவலரும் போட்ட கையெழுத்து. முதலாளிக்கு ஆள் தப்பாமல் இருக்கவும், அரசாங்கத்துக்குக் கணக்கு சரியாக இருக்கவும் எழுதப்பட்ட தாள் அது. எழுதிய குமாஸ்தா பேரப்பிள்ளைகளை நினைத்து எழுதவில்லை. ஆனால், கடைசியில் அது பயன்படுவது அவர்களுக்குத்தான்.

விசித்திரம் என்னவென்றால், இந்தத் தாள்களைத் தேட கொல்கத்தாவுக்கு வர வேண்டியதில்லை. பாஸ் ஆளோடு கப்பலேறியது. அதனால் அது சுவாவிலும் பாரமரிபோவிலும் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலும் உள்ள ஆவணக் காப்பகங்களில் கிடைக்கிறது. சூரினாம் பதிவேடு முழுவதையும் இணையத்திலேயே தேடலாம். மொரீஷியஸில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் பலரது புகைப்படமும் இருக்கிறது. ஃபிஜி, கயானா, சூரினாம், டிரினிடாட் ஆவணங்களை 2011-ல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது.

அமெரிக்காவில் உள்ள ஐரிஷ் வம்சாவளியினரும் இதேபோலத் தாத்தாவின் ஊரைத் தேடுகிறவர்கள்தான். அவர்களுக்கு வேறு விதமான துரதிர்ஷ்டம். 1922 உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் பல நூற்றாண்டுக் காகிதங்கள் சாம்பலாயின. ஒப்பந்தக் கூலியின் பேரனுக்கு அந்த வகையில் அதிர்ஷ்டம் உண்டு. அவன் தாத்தா சுதந்திரமான மனிதராக இல்லாததாலேயே அவரைப் பற்றி இவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள். கங்காணியின் பின்னால் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போன தமிழர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒரு தனித்தாள் எழுதப்படவில்லை.

இந்தப் பதிவேடுகளை முதலில் துருவியவர்களில் ஒருவரும் ஐரிஷ்காரர்தான். டப்ளின் பக்கம் பிறந்த ஜார்ஜ் கிரியர்சன், பீகாரில் அதிகாரியாக இருந்தபோது ஆள் சேர்ப்பு எப்படி நடக்கிறது என்று மாவட்டம் மாவட்டமாகப் போய் விசாரித்து 1883-ல் அறிக்கை கொடுத்தார். பிற்பாடு இந்திய மொழிகளை எல்லாம் கணக்கெடுத்த அதே கிரியர்சன்.

சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, ஒரு கிர்மிட்டியாவின் பேரன் அந்த வேலையைத் தொடர்ந்தார். ஃபிஜியில் பிறந்த பிரிஜ் லால், கல்கத்தா வழியாக அங்கே போன 45,439 பேரின் பாஸ்களையும் கணினியில் ஏற்றி ஆராய்ந்தார். 1983-ல் வந்த அவருடைய 'கிர்மிட்டியாஸ்' நூல், போனவர்கள் எல்லாம் நகரத்துத் தெருப் பொறுக்கிகள் என்ற பழைய பேச்சைப் பொய்யாக்கியது. பல சாதிகளையும் சேர்ந்த கிராமத்து ஜனங்கள் அவர்கள்; பலர் பஞ்சமும் கடனும் தாங்காமல் ஏற்கெனவே பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் புறப்பட்டவர்கள். லால் தன் தாத்தாவின் ஊர் தேடி உத்தரப் பிரதேசத்தின் பஹ்ரைச்சுக்கும் போனார். 2021-ல் இறந்தார்.

விடுபட்ட கட்டம்

தாள் கிடைத்தால் ஊர் கிடைத்துவிடும் என்பதில்லை. பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியவர் ஒருவர். அதைத் தோட்டத்தில் இன்னொரு மாதிரி எழுதியவர் வேறொருவர். தாத்தாவின் பெயரே அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராகி இருக்கும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்னை வழியாகப் போன தமிழர்களிடமும் இதே கதைதான். அங்கே 'கவுண்டர்' இன்று 'கோவெண்டர்'.

ஜில்லாக்களும் மாறிவிட்டன. பாஸில் 'ஷாஹாபாத்' என்றிருக்கும். அந்த மாவட்டம் 1972-ல் போஜ்பூர், ரோத்தாஸ் என்று பிரிந்தது. பின்னர் பக்ஸர் தனியானது. தாளில் 'வட ஆற்காடு' என்று கண்டால் வேலூருக்குப் போவதா, திருவண்ணாமலைக்குப் போவதா என்று தமிழ்நாட்டில் திகைப்பது போலத்தான். இதனால் ஜில்லாவைவிட தாணா பெயரைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்கே ஊர் அகப்படுகிறது.

சில தாள்களில் கேள்விக்கு விடையே இல்லை. கயானா வம்சாவளி எழுத்தாளர் காயத்ரா பகதூர், தன் பாட்டியின் தாயார் தலைமுறையைச் சேர்ந்த சுஜாரியாவின் பாஸைத் தேடி எடுத்தார். வயது 27, பிராமணப் பெண், பீகாரின் சாரன் பகுதி. 1903-ல் 'கிளைட்' கப்பலில் ஏறும்போது அவர் கர்ப்பிணி. உடன் கணவர் இல்லை. குழந்தை நடுக்கடலில் பிறந்தது. விதவையா, விரட்டப்பட்டவரா, தானே வெளியேறியவரா? 2013-ல் வெளியான 'கூலி வுமன்' என்ற புத்தகமே அந்தக் கேள்விகளிலிருந்து பிறந்ததுதான். பீகார் வரை போயும் அதற்கு முடிவான பதில் கிடைக்கவில்லை.

ஆனாலும் தேடல் பலிப்பதும் உண்டு. 2012 ஜனவரியில் டிரினிடாட் பிரதமர் கமலா பெர்சாத் பிசேசர், தன் கொள்ளுத் தாத்தா புறப்பட்ட பக்ஸர் மாவட்டத்து பேலுபூர் கிராமத்துக்கு வந்தார். ஊரே திரண்டு உறவு கொண்டாடியது.

திரும்பியவர்களின் கதி

வந்த பேரர்களுக்கு மாலை விழுகிறது. திரும்பி வந்த தாத்தாக்களுக்கு அது கிடைக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்து கார்டன் ரீச்சில் இறங்கிய பலர், சேமிப்போடும் ஆசையோடும் ஊருக்குப் போனார்கள். கடல் கடந்தவன், சாதி கெட்டவன் என்று ஊர் ஒதுக்கியது. காலனியில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த ஊர் அந்நியம். மறுபடியும் கல்கத்தாவுக்கே வந்து, 1920-களில் மேட்டியாபுருஜ் சேரிகளில் நூற்றுக்கணக்கில் விழுந்து கிடந்தார்கள். எந்தக் கப்பலிலாவது திருப்பி அனுப்புங்கள் என்று மன்றாடினார்கள். காலனி இந்தியர்களுக்காகப் பாடுபட்ட சி.எஃப். ஆண்ட்ரூஸ் போன்றவர்கள் இவர்களுக்காகவும் குரல் கொடுத்தார்கள். 1931-ல் பவானி தயாள் சன்யாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் இவர்களின் நிலையை விவரித்து அறிக்கை வெளியிட்டனர். கப்பல் கிடைக்காதவர்கள் இந்தச் சந்துகளிலேயே முடிந்துபோனார்கள்.

2011 ஜனவரி 11-ல் ஆற்றங்கரையில், புறப்பட்டுப் போனவர்களுக்காக 'கொல்கத்தா மெமோரியல்' திறக்கப்பட்டது. 2015-ல் சூரினாம் துறையில் 'மாய் பாப்' சிலை நிறுவப்பட்டது. மூட்டையோடு நிற்கும் ஒரு ஆணும் பெண்ணும். இதே சிலை பாரமரிபோவிலும் நிற்கிறது. ஒன்று புறப்பட்ட கரையில், ஒன்று இறங்கிய கரையில்.

இப்போது தாளுக்குப் புது மதிப்பு வந்திருக்கிறது. இந்திய அரசு, வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டையை 2024-ல் மொரீஷியஸில் ஏழாவது தலைமுறை வரையிலும், 2025-ல் டிரினிடாடில் ஆறாவது தலைமுறை வரையிலும் நீட்டிப்பதாக அறிவித்தது. அட்டைக்குச் சான்று வேண்டும். சான்று என்றால் மூதாதையரின் பெயரும் கப்பலும் எழுதிய அந்தப் பழைய காகிதம்தான் முதல் துணை. கணவர் பெயர் விடுபட்ட தாள், ஊர்ப் பெயர் கரையான் அரித்த தாள், தகப்பனார் பெயரைத் தப்பாகக் கேட்டெழுதிய தாள் - இவற்றை வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

அவர்களில் சிலர் அட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் நேரே இங்கே வந்துவிடுகிறார்கள். ஊர் தெரியாவிட்டால் என்ன, துறை தெரியும். படியில் இறங்கி ஆற்று நீரைத் தொடுகிறார்கள். போனவர்கள் கடைசியாகப் பார்த்ததும் இதே ஆற்றைத்தான் என்பதில் மட்டும் எந்தக் குமாஸ்தாவும் பிழை செய்யவில்லை.