ஒத்திகைக்குப் பிறகு

எங்கள் ஆபீஸில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வரை வேண்டுமென்றே நிறுத்திப் பார்ப்போம். ஒருமுறை பேக்கப்பிலிருந்து டேட்டா திரும்பி வரவில்லை. டிக்கெட் போட்டது நான். "அடுத்த ஸ்பிரிண்ட்ல பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டதும் நானேதான். நாலு மாதம் கழித்து ஒரு ராத்திரி சர்வர் நிஜமாகவே படுத்துவிட்டது. ஒரு நாள் டேட்டா போனது போனதுதான்.

அதன்பிறகு ஒருநாள் பிரிட்டனின் 'சிக்னஸ்' ஒத்திகை அறிக்கையைப் படித்தேன். 2016 அக்டோபரில் மூன்று நாட்கள், 950-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து, கற்பனையான ஒரு ஃப்ளூ பெருந்தொற்றை நடத்திப் பார்த்திருக்கிறார்கள். கடும் தொற்று வந்தால் நாட்டின் தயார்நிலை போதாது என்கிறது அறிக்கை. முதியோர் பராமரிப்பைப் பற்றியும் எச்சரிக்கிறது. மொத்தம் 22 பாடங்கள். அரசு அதை வெளியிட்டது 2020 அக்டோபரில். வந்தது ஃப்ளூ அல்ல, கொரோனா. ஆனாலும் அதற்குள் முதியோர் இல்லங்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்திருந்தார்கள்.

ஒத்திகை தோற்கவில்லை, ஓட்டையைச் சரியாகவே காட்டியது. ஓட்டையைக் கண்டுபிடித்ததும் அதை அடைத்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வருமே, அதுதான் ஆபத்து. எனக்கும் வந்தது. டிக்கெட் போட்ட அன்று நன்றாகத் தூங்கினேன்.