விடியுமுன் திறக்கும் கடை

கோலாலம்பூரில் நல்ல தே எங்கே கிடைக்கும், நல்ல கோப்பி எங்கே கிடைக்கும் என்பதில் ஆளாளுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒருவர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையைச் சொல்வார், இன்னொருவர் மஸ்ஜிட் இந்தியாவில் ஒன்றைச் சொல்வார். யார் எதைச் சொன்னாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை மணிக்குத் திறப்பான்?" பத்து மணி என்று பதில் வந்தால் பேச்சை மாற்றிவிடுவேன். பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பத்து மணிக்குள் பாதி நாள் போய்விட்டிருக்கும்.

இதில் வீம்பு கிடையாது. கித்தா (ரப்பர்) மரம் பழக்கிவிட்ட பழக்கம். மரத்தைக் குளிர்ச்சி இருக்கும்போதே சீவினால்தான் பால் ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்க வேண்டும். அதற்கும் முன்னால் லயத்து அடுப்பில் கோப்பி ஓ கொதித்தாக வேண்டும். பாலில்லாத கறுப்புக் கோப்பி, சீனி மட்டும் தாராளம். குடித்த மிச்சத்தைப் போத்தலில் ஊற்றி எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவார்கள். பசியாறுவதெல்லாம் மரம் சீவி முடித்த பிறகுதான்.

பட்டணத்திலும் அதே கதைதான். எங்கள் ஊரைச் சுற்றி ஈயம் தோண்டும் கப்பல்கள் ஓடிய காலத்தில், இரவு பகல் என்றில்லாமல் முறை வைத்து வேலை நடந்தது. முறை முடிந்து வருகிறவனுக்கும் முறைக்குப் போகிறவனுக்கும் கோப்பி வேண்டும். சீனன் கோப்பிக் கடையில் அடுப்பு எரிந்தது அவர்களுக்காக. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது; அதற்குப் பிறகு கப்பல்கள் ஒவ்வொன்றாக நின்றன, குட்டைகள் மட்டும் மிஞ்சின. 2007-இல் ஊர்ப் பெயரும் பெஸ்தாரி ஜெயா என்று மாறியது. கோப்பிக் கடை முதலாளியான தவுக்கேயின் மகன் இன்றைக்கும் பழைய பெயரைத்தான் சொல்கிறான், நாங்களும்தான்.

ஆக, பெரிய நகரத்தில் நல்ல கடை தேடுவதற்கு என் வழி எளிது. அந்த நகரத்தில் முதலில் எழுந்திருப்பவன் யார் என்று பார்ப்பேன்; அவன் எங்கே குடிக்கிறானோ அங்கே நானும் போய் நிற்பேன். எங்கள் பக்கமிருந்து போகும்போது செலாயாங் மொத்த வியாபாரச் சந்தை வழியில் வரும். கேமரன் மலையிலிருந்து காய்கறி லோரிகள் நடுராத்திரியில் வந்து இறங்கும் இடம். சுமை தூக்குகிறவனுக்கு ஆறிப்போன தேயை விற்க முடியாது. பணத்தைத் திருப்பிக் கேட்பான், அல்லது நாளைக்குப் பக்கத்துக் கடையில் நிற்பான். சௌ கிட், புடு சந்தைகளைச் சுற்றியும் இப்படித்தான். இங்கெல்லாம் விளம்பரப் பலகையைவிட வாடிக்கைக்காரனின் கோபம்தான் கடையைக் காப்பாற்றுகிறது.

கடைக்குள் நுழைந்ததும் உட்கார மாட்டேன். தே கலக்கும் இடத்துக்கு எதிரே ஒரு நிமிடம் நிற்பேன். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வந்த ஒரு தம்பி அங்கே இருப்பார். அவர் கையில் துணி வடிகட்டி, அருகே நீண்ட மூக்கு வைத்த ஏனம். பார்க்க வேண்டியது, சாயம் இறங்கியபின் அந்தத் துணிப் பையைத் தூக்கி வெளியே வைக்கிறாரா, அல்லது அது அப்படியே வெந்நீரில் ஊறிக்கொண்டே கிடக்கிறதா என்பதைத்தான். தே தாரிக்குக்குப் போடுவது தூள் தேயிலை. அதன் சாயம் கணத்தில் இறங்கும். கொஞ்சம் விட்டால் கசப்பும் கூடவே இறங்கும். ஊறிக் கிடந்த தேயை எத்தனை அடி உயரத்திலிருந்து இழுத்து ஆற்றினாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். இழுப்பதால் சூடு தணியும், நுரை வரும், கசப்பு போகாது. கையை அகல விரித்து வித்தை காட்டுகிறவர் கடையில் தே சுமார் என்பது என் சொந்த முடிவு. நல்ல கைக்காரர்கள் குறுக இழுப்பார்கள், மேசையில் ஒரு சொட்டு விழாது.

அடுத்தது டின் பால். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கடைகளில் இப்போது உடைக்கிற டின்னைக் கையில் எடுத்து எழுத்துக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 'கிரிமர்' என்று இருக்கும். பால் கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் செம்பனை எண்ணெய். விலை குறைவு, கெடாது, வெயிலுக்குத் தாங்கும். அந்தச் செம்பனையை மலேசியாவில் வணிகத்துக்கென்று முதன்முதலில் நட்ட தோட்டம் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தாயில் இருக்கும் தென்னமரம் தோட்டம், ஆண்டு 1917. நட்டவர் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் தொரை. பின்னாளில் 'மலேசி' என்று ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் வாங்கினார்.

கித்தாவுக்கு வேண்டிய அளவு ஆள் செம்பனைக்கு வேண்டாம். கித்தா காடுகள் அழிந்து செம்பனை ஏற ஏற, லயங்கள் காலியாயின. தோட்டத்தில் வளர்த்த மாடுகளும் கையைவிட்டுப் போயின. காலையில் நுரைக்க நுரைக்க வந்த பாலும் அதோடு போயிற்று. சனங்கள் செலாயாங்குக்கும் செந்தூலுக்கும் பத்து கேவ்ஸுக்கும் குடியேறினார்கள். இப்போது அங்கே ஒட்டுக்கடையில் உட்கார்ந்து ஒரு தே சொன்னால், எங்களை ஊரைவிட்டுக் கிளப்பிய மரம் டம்ளருக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. தே ஆறியபின் மேலே மெல்லிதாக ஒரு படலம் கட்டும், மேலண்ணத்தில் ஒட்டும். அதற்காகவே சூடாகக் குடித்துவிடுவது நல்லது. அல்லது "தம்பி, சீனி கம்மி, டின் பாலைக் குறைச்சு சாயத்தைத் தூக்கிப் போடுங்க" என்று சொல்ல வேண்டும். முகம் சுளிக்காமல் அதைச் செய்கிற கடையை நான் மறப்பதில்லை.

கோப்பிக்கும் இப்படி ஒரு பழங்கதை உண்டு. 1890-களில் சிலாங்கூரில் தோட்டம் என்றால் முக்கால்வாசி கோப்பித் தோட்டம்தான். தமிழர்கள் அந்த வேலைக்கும் வந்தார்கள். பிரேசிலில் அளவுக்கு மேல் விளைந்து விலை விழுந்தது, இங்கே புழு இலையைத் தின்றது, அந்த இடத்தில் கித்தா ஏறியது. இன்று கோப்பிக் கடையில் கிடைப்பது சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுத்த கோப்பி. ஃபில்டர் காப்பிக்குப் பழகிய நாக்கு அதை முதலில் ஏற்காது. லெபோ அம்பாங் செட்டியார் தெருவில், பிரிக்ஃபீல்ட்ஸ் சைவக் கடைகளில், டபராவில் நுரையோடு ஃபில்டர் காப்பி வரும், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது சாப்பாட்டுக்குப் பின்னால் வரும் காப்பி. வேலைக்குக் கிளம்புகிறவன் அதைத் தேடிப் போக மாட்டான். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் 1921 முதல் இருக்கும் கொலிசியம், தோட்டத்துத் தொரைமார் வந்து குடித்த இடம். அவர்கள் குடித்தது தே அல்ல. ஹைனானியச் சீனர் நடத்தும் யூட் கீ 1928-இல் தொடங்கியது. காயா தடவிய ரொட்டிக்காகப் போகலாம், காத்திருக்கும் கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டால்.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ, மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றும் உண்டு. காலை என்று குறிப்பிட்டதற்காகவே எனக்கு அந்தப் பட்டியல் பிடித்திருந்தது.

என் மகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. கோலாலம்பூரில் வேலை செய்கிறாள். அவள் கூட்டிப்போகும் கடைகளில் குளிரூட்டி, மர மேசை, சுவரில் செடி, ஒரு கோப்பி பதினைந்து வெள்ளி. "ரெண்டு வெள்ளி சொச்சத்துக்குக் கிடைக்கிறதுக்கு இவ்வளவா?" என்று கேட்டால், "அப்பா, நான் தனியா மூணு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்த்தேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல" என்றாள்.

அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. ஏனென்றால் என் அம்மா தன் வேலைக்காலம் முழுவதும் பட்டணத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்ததே இல்லை. சம்பளத்தன்று அப்பா உள்ளே மார்பிள் மேசையில் ஆட்களோடு உட்கார்ந்திருப்பார். அம்மா கடைக்கு வெளியே, சாமான் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நிற்பார். தவுக்கேயிடம் சொல்லி அப்பா ஒரு கோப்பி வாங்கி வருவார்: காலி பால் டின், மேல்மூடியில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்துப் பிடி கட்டியிருக்கும். டின் கொதிக்கும், அம்மா சேலைத் தலைப்பால் பிடித்து, நின்றபடியே ஊதி ஊதிக் குடிப்பார். விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்களில் பாதிப் பேர் பெண்கள். அவர்களுக்கும் முன்னால் கடை திறந்துதான் இருந்தது. உள்ளே போக யாரும் தடுக்கவும் இல்லை, யாரும் போகவும் இல்லை. செலாயாங் சந்தையில் இன்றைக்கும் காலை நான்கு மணிக்குக் கடைக்குள் பாருங்கள், ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருப்பது அபூர்வம். இந்திய முஸ்லிம்கள் நடத்தும் காக்கா கடைகளில் அப்படி இல்லை. எங்கள் ஊர்ப் பல்கலைக்கழக மாணவிகள் ராத்திரி பதினொரு மணிக்கும் கூட்டமாக உட்கார்ந்து மைலோ ஐஸ் குடிக்கிறார்கள். அது பழகிவிட்டது.

போன பள்ளி விடுமுறையில் மகள் ஒரு கடையைக் கண்டுபிடித்தாள். "ஏழு மணிக்கே திறக்கிறான்பா, இதுக்கு மேல உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனோம். அம்மா நடுவில் இருந்த மேசையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார், மூலையில் இடம் இருந்தும். கோப்பி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏம்மா, சீனி போட மறந்துட்டானா?" என்று பேத்தியைக் கேட்டார். தட்டிலிருந்த சீனிப் பொட்டலங்களை எல்லாம் கிழித்துக் கொட்டிக் கலக்கி, அடிவரை குடித்தார். "சூடு பத்தல. ஆனா நாற்காலி நல்லா இருக்கு" என்றார். பில்லை நான் அவர் கண்ணில் காட்டவில்லை.