எவர் கணினியிலும் திறக்க வேண்டிய அமானிதம்



மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவன் கணினியைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். என் கவனக்குறைவால் நேர்ந்த ஒரு தவறும் அதனால் நான் கற்ற பாடமும் பிறருக்குப் பயன்படட்டும் என்ற நிய்யத்திலேயே இதனை எழுதுகிறேன்.

எனக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாத், அரபுத்தமிழ் நூல்களைத் தடையின்றி வாசிக்கத் தெரிந்த எங்கள் ஊரின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர். அவருடைய இறுதி ரமழானில், ஓர் அஸர் தொழுகைக்குப் பின் பழைய அரபுத்தமிழ் நூல் ஒன்றை வரிவரியாக விரல் வைத்து வாசித்து விளக்கினார். அதனை என் தம்பி மகனின் கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்தேன். ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள். ஷவ்வால் முடிவதற்குள் உஸ்தாத் வஃபாத்தானார். அல்லாஹ் அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக!

அவருடைய மூத்த மகள் பினாங்கில் வசிக்கிறார். வாப்பாவின் ஜனாஸாவுக்கு அவரால் வந்து சேர இயலவில்லை. சில மாதங்கள் கழித்து ஊருக்கு வந்திருந்தபோது மத்ரஸாவின் ஆண்டு விழா நடைபெற்றது. “வாப்பாவின் பதிவு என்னிடம் இருக்கிறது லாத்தா, விழாவில் எல்லோரும் பார்க்கும்படி போடுகிறேன்” என்று வாக்களித்திருந்தேன். மறுநாள் அவருக்கு விமானப் பயணம்.

தம்பி மகனின் மடிக்கணினியில் அந்தக் கோப்பு நன்றாகவே ஓடியது. அதனால் வேறெங்கும் சோதித்துப் பார்க்கவில்லை. மத்ரஸாவின் பழைய கணினியிலோ அது திறக்க மறுத்தது. கோப்பின் பெயர் ‘எம்ஓவி’ என்று முடிந்திருந்தது. அதை அழித்து ‘எம்பி4’ என்று எழுதினால் சரியாகிவிடும் என நினைத்து அவ்வாறே செய்தேன். இம்முறை உஸ்தாதின் குரல் கூடமெங்கும் ஒலித்தது. ஆனால் திரை முழுவதும் கறுப்பு. பத்து நிமிடங்கள் போராடியும் அவர் முகம் தெரியவில்லை. விழா முடிந்ததும் லாத்தா, “பரவாயில்லை தம்பி, வாப்பாவின் குரலையாவது கேட்டேனே” என்றார். அவர் என்னைக் கடிந்திருந்தால்கூட மனம் இவ்வளவு கனத்திருக்காது.

கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர்தாம் காரணத்தை விளக்கினார். “ஹஜ்ரத், நீங்கள் உறையின் மேலிருந்த பெயரைத்தான் மாற்றினீர்கள். உள்ளே இருப்பது மாறவில்லையே” என்றார்.

அவர் சொன்னது விளங்க எனக்கு அரபுத்தமிழே உதவியது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதி நமக்கு விட்டுச் சென்றார்கள். அந்நூலை ஓர் அரபியரிடம் கொடுத்தால் எழுத்துகளை அடையாளம் காண்பார், மொழி விளங்காது. தமிழ் மட்டும் அறிந்தவரிடம் கொடுத்தால் அவருடைய தாய்மொழியே உள்ளே இருந்தும் ஒரு வரியைக்கூட வாசிக்க மாட்டார். எழுத்து, மொழி இரண்டையும் அறிந்தவருக்கே அந்நூல் திறக்கும்.

காணொளிக் கோப்பும் அத்தகையதே. எம்பி4, எம்ஓவி, எம்கேவி, ஏவிஐ என்பன வெளியுறைகள். உள்ளே படத்தைச் சுருக்கி வைத்திருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். ஒலிக்குத் தனியாக ஒரு கோடெக் உண்டு. உறையைப் பிரிக்கவும் இரு கோடெக்குகளையும் விரிக்கவும் கணினி அறிந்திருக்க வேண்டும். எங்கள் பதிவில் ஒலியின் முறை கணினிக்குத் தெரிந்திருந்தது. படத்தின் முறை தெரியவில்லை. அதனால் குரல் வந்தது, முகம் வரவில்லை.

அந்தப் படம் 2013இல் வெளியான எச்.265 என்னும் முறையில் இருந்தது. எச்.இ.வி.சி. என்பதும் அதுவே. முந்தைய முறையைவிட மிகக் குறைந்த இடத்தில் அதே தரத்தைத் தருவதால் புதிய கைப்பேசிகள் பல அதனை விரும்புகின்றன. ஆயினும் பழைய கணினிகளும், கூடுதல் நிரல் சேர்க்கப்படாத விண்டோஸ் கணினிகள் பலவும் அதனைக் காட்டுவதில்லை. அதற்கு முந்தைய எச்.264 என்னும் முறை 2003இல் வந்தது. விண்டோஸ் 7 முதலான கணினிகள், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன், ஸ்மார்ட் டிவி ஆகியவை பொதுவாக அதனை அறியும். லினக்ஸில் மட்டும் சில வேளைகளில் கூடுதல் நிரல் தேவைப்படலாம்.

ஆகவே எவர் கணினியிலும் ஓட வேண்டுமானால் உறை எம்பி4, படம் எச்.264, ஒலி ஏஏசி. இம்மூன்றையும் நினைவில் வைத்தால் போதும். பழைய கணினிகளுக்கு 4கே தேவையில்லை. 1080 அல்லது 720 அளவே தடையின்றி ஓடும்.

ஐபோனில் பதிவு செய்வோர் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘கேமரா’, அதில் ‘ஃபார்மட்ஸ்’ சென்று ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தால், வழக்கமான பதிவுகள் எச்.264 முறையிலேயே அமையும். ஏற்கெனவே பதிவானவற்றை ‘ஹேண்ட்பிரேக்’ என்னும் இலவச மென்பொருளால் மாற்றலாம். நிக்காஹ் டிவிடிகளை வீட்டில் வைத்திருப்போர் அவற்றையும் இவ்வாறு மாற்றிக்கொள்வது நன்று. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் தட்டுப் போடும் இடமே இல்லை. ஆனால் மாற்றும் ஒவ்வொரு முறையும் தரம் சற்றுக் குறையும். எனவே மூலப் பதிவை அழிக்காமல் பாதுகாத்து, அதிலிருந்தே படியெடுக்க வேண்டும்.

பென் டிரைவில் கொடுப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘ஃபேட்32’ முறையில் அமைந்த பென் டிரைவில் 4 ஜிபியை எட்டும் தனிக் கோப்பு ஏறாது.

“விஎல்சி என்னும் இலவச மென்பொருளை நிறுவினால் எல்லாம் ஓடுமே” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். நம் கணினிக்கு அது நல்ல தீர்வு. ஆனால் நாம் அனுப்பும் பதிவைப் பெறுபவர் வயது முதிர்ந்த தாயாக இருக்கலாம். விடுதிக் கணினியைப் பயன்படுத்தும் தொழிலாளியாக இருக்கலாம். அவர்மீது அந்தச் சுமையை ஏற்றுவது எங்ஙனம்? அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பது நம் கடமை. அவரால் திறக்க முடியாத பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, சேர்த்துவிட்டேன் என்று சொல்ல முடியுமா? என் கணினியில் ஓடியதைக் கண்டு நிம்மதியடைந்தது என் தவறு. அனுப்புபவரின் கணினியில் ஓடுவது போதாது. தொடர்பே இல்லாத வேறொரு கணினியில் முழுமையாக ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

மாணவரின் உதவியால் பதிவை மாற்றி, மத்ரஸாவின் அதே பழைய கணினியில் கடைசி நிமிடம் வரை பார்த்த பின்பே பினாங்குக்கு அனுப்பினேன். இரண்டு நாள்கள் கழித்து லாத்தா அழைத்தார். பேத்தியின் பள்ளி மடிக்கணினியில் குடும்பமே அமர்ந்து பார்த்ததாம். “வாப்பா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு விரல் வைப்பார்களே, அதைப் பார்த்தேன் தம்பி” என்றவர், மேலே பேச இயலாமல் சற்று நேரம் அமைதியானார். பிறகு, “அந்த நூலில் இருப்பது தமிழா, அரபா என்று பேத்தி கேட்கிறாள்” என்றார். அப்பிள்ளைக்காக அந்நூலைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதத் தொடங்கியிருக்கிறேன். துஆச் செய்யுங்கள்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்களின் குரலும் முகமும் ஏதேனும் ஒரு கைப்பேசியில் இருக்கும். இந்த வாரமே அவற்றை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்கவில்லையெனில், அறிந்தவர் அருகில் இருக்கும்போதே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் நம் அமானிதங்களை முறையாக ஒப்படைக்கும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.