டால்மேஷனா, பிட்புல்லா, இல்ல வேற ஏதாச்சுமா?

அடுக்குமாடியில் குடியிருக்கும் நம்மாட்களுக்கு நாய் என்றால் மூணே வகைதான். லேப்ரடார், பக் (ஹட்ச் விளம்பரத்தின் புண்ணியம்), மிச்சமெல்லாம் தெரு நாய். ஊர்ப்பாசம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நாலாவதாக ராஜபாளையம். 2005-ல் தபால்தலையே வந்ததாக்கும் என்று வடநாட்டுக்காரர்களிடம் பீற்றிக்கொள்ள வசதியான நாய் அது. நானும் அந்தக் கட்சிதான். கோவில்பட்டிப் பக்கம் பிறந்ததால் சிப்பிப்பாறை, கன்னி என்று இன்னும் ரெண்டு பெயர் கூடத் தெரியும். இந்த ஞானத்தையெல்லாம் வைத்துக்கொண்டு 2024 டிசம்பரில் எங்கள் பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் ஒண்டிக்கொண்டிருந்த ஒரு ஜீவனைப் பார்த்தேன். எந்தப் பட்டியலிலும் அடங்கவில்லை.

இடம் குர்காவ்ன். (2016-லிருந்து குருகிராம். எனக்கு வாயில் வரவே மாட்டேங்குது.) டிசம்பர் குளிர் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கழுத்துப்பட்டை அழுத்திய தடம் இருந்தது, பட்டை இல்லை. யாரோ வளர்த்து, யாரோ இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வாட்ஸப் குழுமத்தில் அன்று சாயங்காலமே பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. "வெள்ளைத்தோலில் புள்ளி, அப்ப டால்மேஷன்" என்று ஒரு கோஷ்டி. "பிட்புல் மிக்ஸ், தடை செய்யப்பட்ட இனம், வண்டியைக் கூப்பிட்டு அனுப்பிவிடலாம்" என்று இன்னொரு கோஷ்டி. ரெண்டாவது கோஷ்டிக்குத்தான் ஆள் அதிகம். 2024 மார்ச்சில் மத்திய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை 23 இன நாய்களைத் தடை செய்யச் சொல்லி ஒரு சுற்றறிக்கை விட்டது ஞாபகமிருக்கலாம். அதைக் கர்நாடக உயர்நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்த செய்தி எங்கள் குழுமத்துக்கு வந்து சேரவே இல்லை. ஃபார்வர்டு மெசேஜ்கள் போகும், அதற்கு மறுப்பு எங்கே போகிறது?

அசோசியேஷனில் வாதாடி ஒரு வாரம் தவணை வாங்கினேன். அதற்குள் இது என்ன நாய், ஆபத்தானதா, யாரிடம் ஒப்படைப்பது என்று சொல்லவேண்டும். தங்கமணி ஒரு பார்வை பார்த்தார். அதற்கு அர்த்தம் தெரியாமலா இத்தனை வருஷம் குப்பை கொட்டுகிறேன்? பொண்ணு மட்டும் என் கட்சி.

முதலில் அப்பாவுக்கு போட்டோ அனுப்பினேன். சின்ன வயசில் வீட்டில் ரெண்டு சிப்பிப்பாறை வளர்த்தவர். ஊரில் நாய்க்கும் மாட்டுக்கும் இனத்தைக் கேட்கிற முன்னால் நிறத்தைத்தான் சொல்வார்கள். செவலை, மயிலை, மறை என்று. போனில் அப்பா சொன்னது: "தலையும் காதும் முழுச் செவலை. முதுகுல பெரிய மறை. மத்த இடம் வெள்ளையும் இல்ல, செவலையும் இல்ல, ரெண்டும் கலந்து கெடக்கு. முயல் வெரட்டுற நாய் இல்லடா இது. நெஞ்சு ஆழமாத்தான் இருக்கு, ஆனா எலும்பு கனம். மூக்கால வேலை செய்யுற நாயி."

படிக்காத அந்தப் பரிசோதனை எனக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்தது. சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துத் துரத்துகிற நாய். ஒடிசலான முகம், வில் மாதிரி முதுகு, ஒட்டிய வயிறு. இவனுக்கு முகம் நீளம்தான், ஆனால் மூக்குப் பகுதி அகலம். காது வாயின் ஓரம் வரை தொங்கியது. பிட்புல்லுக்குக் கன்னச்சதை புடைத்து, மண்டை அகலமாக, வாய் குட்டையாக இருக்கும். இதில் ஒன்றுகூட இவனிடம் இல்லை. அந்தக் கோஷ்டி அவுட்.

அடுத்தது டால்மேஷன். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். டால்மேஷன் புள்ளி தயிர்சாதத்தில் கடுகு மாதிரி. சுத்த வெள்ளைப் பரப்பில் தனித்தனியாக, உருண்டையாக, எண்ணிவிடலாம். இவனுக்கு இருந்ததோ மிளகுத்தூளைத் தூவிவிட்ட மாதிரி. வெள்ளை முடிக்குள் பழுப்பு முடி கலந்து, கிட்டே போனால் புள்ளி, தள்ளி நின்றால் சாம்பல். இதை 'ரோன்' என்கிறார்கள். (பொண்ணு அன்றே "மிளகு" என்று பெயர் வைத்துவிட்டாள்.) டால்மேஷனின் தலை இப்படி முழுசாக ஒரே நிறத்தில் இருப்பதும் வழக்கமில்லை.

மூக்கைப் பார்த்து முடிவு கட்ட முடியாது. மிளகுக்கு மூக்கு, உதடு, கண்ணிமை ஓரம் எல்லாமே பழுப்பு. இந்த நாயால் கறுப்பு நிறமியையே உண்டாக்க முடியாது என்பதன் அடையாளம் அது. ஆனால் பழுப்புப் புள்ளி டால்மேஷனுக்கும் மூக்கு அப்படித்தான் இருக்கும்.

இனம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று தங்கமணி கேட்டதற்கு கால்நடை மருத்துவர்தான் பதில் வைத்திருந்தார். டால்மேஷன் இனத்துக்கே யூரிக் அமிலக் கோளாறு உண்டு. ஆண் நாய்க்குச் சிறுநீர்க்கல் வந்து அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஈரல் போடக்கூடாது, தண்ணீர் நிறையக் கொடுக்கவேண்டும். நான் கறிக்கடையிலிருந்து வாங்கி வைத்திருந்ததே ஈரல்தான்! அதைத் தேற்ற 1973-ல் அமெரிக்காவில் ஒரு மரபியல் ஆய்வாளர் டால்மேஷனை ஒரு பாயிண்டரோடு சேர்த்தார், அந்த ஒரு பாட்டி-தாத்தா வழியாகத்தான் நல்ல மரபணு சில டால்மேஷன்களுக்குக் கிடைத்தது என்றும் சொன்னார். பாயிண்டர் என்ற சொல் அங்கேதான் முதலில் காதில் விழுந்தது. உடம்பில் மைக்ரோசிப் இருக்கிறதா என்று கருவியை ஓட்டிப் பார்த்தார். இல்லை. தோள் உயரம் 64 செ.மீ., எடை 21 கிலோ. கூடையை எண்ணுவது போல விலா எலும்பை எண்ணலாம்.

கடைசி முடிச்சை அவிழ்த்தவர் மூணாவது மாடி கர்னல் சாப். ஓய்வு பெற்றவர், லிஃப்டில் 'குட் மார்னிங்'கைத் தாண்டி என்னிடம் பேசியதே இல்லை. மிளகின் வாலைத்தான் முதலில் பிடித்துப் பார்த்தார். டாபர்மேன் மாதிரி ஒட்ட வெட்டவில்லை, பாதியை விட்டு வெட்டியிருந்தது. டால்மேஷனுக்கும் இங்கிலீஷ் பாயிண்டருக்கும் வால் முழுசாக இருக்கும். முழுப் பழுப்பு ஒரே நிறமாகத் துருப்பிடித்த மாதிரி இருந்தால் ஹங்கேரியின் விஸ்லா, உடம்பெல்லாம் வெள்ளிச் சாம்பல் என்றால் வைமரானர். முதுகு முடியைத் தடவச் சொன்னார். குட்டையாக, சொரசொரவென்று இருந்தது. காதில் மட்டும் பட்டு மாதிரி. "ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர். பேப்பர் இல்லாததால் 'போல' என்று சேர்த்துக்கொள்" என்றார்.

மறுநாள் காலை ஆறரைக்கு, பனிமூட்டத்தில், பக்கத்துக் காலி மனைக்கு மூணு பேரும் போனோம். இந்த ஊர்க்காலி மனைகளில் கவுதாரி கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். மூக்கைத் தூக்கிக்கொண்டே போன மிளகு சட்டென்று நின்றான். முன்னங்கால் ஒன்று மடங்கி மேலே. பாதி வால் கம்பி மாதிரி. மூச்சுகூட விடவில்லை போலிருந்தது. பத்தடி தள்ளி இருந்த புதரில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கர்னல் ஒரு கல்லை வீச, ரெண்டு கவுதாரி படபடவென்று பறந்தது. மிளகு துரத்தவில்லை. திரும்பிக் கர்னலைப் பார்த்தான், அடுத்து என்ன என்று கேட்பது போல. 1972 வனவிலங்குச் சட்டமும் 1991 திருத்தமும் வந்தபின் இந்த நாட்டில் அந்த 'அடுத்தது' கிடையாது என்று அவனுக்கு யார் சொல்வது?

அசோசியேஷனில் மருத்துவர் கடிதத்தைக் கொடுத்தேன். "23-ல் பாயிண்டர் இல்லை" என்று கர்னல் எழுந்து நின்று சொன்னதும் கூட்டம் அமைதியானது. ராணுவக் குரல்!

ஆனால் 'வைத்துக்கொள்ளலாம்' என்று பொண்ணு அழுததற்கு நான் இசையவில்லை. நாளெல்லாம் வயலில் ஓடுவதற்கென்றே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியர்கள் உருவாக்கிய உடம்பு அது. ரெண்டு பேரும் ஆபீஸ் போகிற வீட்டில், பதினோராவது மாடி பால்கனியில் புறாவைப் பார்த்துக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கவைப்பது பாவம். அவனைத் தெருவில் விட்டவரும் அழகான புள்ளியைப் பார்த்து வாங்கியவராகத்தான் இருக்கவேண்டும் என்பது என் ஊகம்.

ஜனவரி முதல் ஞாயிறு, கர்னலின் பழைய சகா ஒருவர் சோஹ்னா பக்கத்துப் பண்ணையிலிருந்து ஜீப்பில் வந்தார். பொண்ணு வாசல் வரை வரவில்லை. மிளகு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டான்.

மாதம் ஒரு போட்டோ வருகிறது. இப்போது 28 கிலோ. போன வாரம் வந்ததில் கடுகு வயலின் ஓரம் ஒற்றைக்காலை மடக்கி நிற்கிறான், எதிரே ஒரு பெண்மயில் கண்டுகொள்ளாமல் மேய்கிறது. அப்பாவுக்கு அனுப்பினேன். "செவலை தேறிட்டான்" என்று பதில் வந்தது.