பாளை சீவும் கைக்கு ஒரு சட்டம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கருங்கல் வட்டாரத்தில் பனைத்தொழில் அறிந்தவர்கள் அக்கானி எனப்படும் பதநீரின் ருசியைப் பேச வந்தால் முதலில் மரத்தைத்தான் பேசுவார்கள். மேட்டுப் பனையா, வயல்கரைப் பனையா, ஆணா பெண்ணா, தை மாதத்து ஊறலா சித்திரை மாதத்து ஊறலா, சீவியது யாருடைய கை என்பதெல்லாம் முடிந்த பிறகே இனிப்பும் துவர்ப்பும் பேச்சில் வரும். நம்முடைய சட்டத்துக்கு இதில் எதுவும் தெரியாது. கலயத்தில் சுண்ணாம்பு இருந்தால் அக்கானி, இல்லாவிட்டால் கள். முன்னது பானம், பின்னது குற்றம். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் இதுதான் நிலை. இறக்கும் பானத்தின் தரம் மரத்தின் உச்சியிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே அதை நெறிப்படுத்தும் சட்டமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. அப்படி எழுதப்பட்ட சட்டங்கள் உலகில் இருக்கின்றன. ஆனைக்கற்றாழையிலிருந்து வரும் மதுக்களுக்காக மெக்சிகோ எழுதியவை அவற்றில் முக்கியமானவை. அந்த நாடு சரியாகச் செய்ததும் பிசகியதும் இரண்டுமே பனைக்குப் பாடம்.

முதலில் தொழிலைப் பார்க்கலாம். பாளை வெளிவந்ததும் கதிர்களைச் சேர்த்துக் கட்டி, மர இடுக்கியால் நாள்தோறும் நசுக்கிப் பதப்படுத்த வேண்டும். அழுத்தம் மிஞ்சினால் கதிர் வாடிக் கருகும். குறைந்தால் நீர் இறங்காது. அதன்பின் நுனியைச் சீவத் தொடங்க வேண்டும். காலையும் மாலையும் ஏறி, வெற்றிலைத் தடிப்புக்கு ஒரு சீவு. தடிப்பாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும்; ஒரு நேரம் சீவாமல் விட்டால் வெட்டுவாய் அடைத்து ஊறல் குறையும். கலயத்தின் உட்புறத்தில் தடவும் சுண்ணாம்புக்கும் இதே கணக்கு உண்டு. கூடினால் அக்கானி காறும், கருப்பட்டியும் கெடும். குறைந்தால் நொதித்துச் சர்க்கரை உடைந்துவிடும். அந்த அக்கானியை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பாகு இறுகாது, சிரட்டையில் ஊற்றினால் களியாகவே கிடக்கும். அடுப்படியில் நிற்கும் பெண்கள் நுரையைப் பார்த்தே மரத்தில் நடந்த பிழையைச் சொல்லிவிடுவார்கள். கள்ளுக்கும் இதே கையும் இதே கண்ணும் வேண்டும். கலயம் சுத்தமாக இருந்து, விடியலில் இறக்கினால் இனிப்பு மாறாத இளங்கள். உச்சிப்பொழுதுக்குள் அது விறுவிறுப்பேறும், மறுநாள் காடியாகும். மரச்சீனிக்கிழங்குக்கும் மீன்குழம்புக்கும் எந்த நேரத்துக் கள் பொருந்தும் என்பது கேரள எல்லைக்கு அந்தப்புறம் பாறசாலைக் கடைகளில் இன்றும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

மெக்சிகோவின் நடுமேட்டு நிலத்தில் இதற்கு நேர் உறவான ஒரு தொழில் இருக்கிறது. மகேய் எனப்படும் பெரிய கற்றாழை பூத்தண்டு விடும் பருவத்தில் அதன் குருத்தை வெட்டி, நடுவில் குழியெடுத்து, காலையும் மாலையும் குழியின் சுவரைச் சுரண்டுகிறார்கள். ஊறிவரும் இனிப்பு நீரை நீண்ட சுரைக்குடுவையால் உறிஞ்சி எடுக்கிறார்கள். அது புளித்தால் புல்கே. ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் பால் லிண்ட்னர் 1920களில் புல்கேயில் கண்டறிந்த பாக்டீரியத்துக்கு இன்றைய பெயர் சைமோமோனாஸ் மொபிலிஸ். பனங்கள்ளை நுரைக்க வைக்கும் உயிர்களில் அதுவும் ஒன்று. உறவு இத்தோடு நிற்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் மணிலாக் கப்பல்களில் மெக்சிகோவின் கொலீமா கரைக்குப் போன பிலிப்பீனியர்கள் தென்னையில் பாளை சீவும் வித்தையையும் கள்ளை வடிக்கும் வித்தையையும் கொண்டுபோனார்கள். அந்த வடிகலன்தான் பிறகு கற்றாழைக்குக் கைமாறியது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஒரு வேற்றுமையையும் சொல்ல வேண்டும். மகேய் சில மாதங்கள் ஊறிவிட்டுச் செத்துவிடும். மெஸ்கால் என்ற வடிமதுவுக்கான கற்றாழையை வேரிலிருந்து அறுத்தே எடுக்க வேண்டும். பனை தன் பாளையை மட்டும் தந்துவிட்டு, பல பத்தாண்டுகள் ஆண்டுதோறும் திரும்ப ஊறும். மரத்தைக் கொல்லாத தொழிலுக்குத் தடையும், செடியைக் கொல்லும் தொழிலுக்கு உலகப் புகழும் கிடைத்திருப்பது யோசிக்க வேண்டிய முரண்.

அந்தப் புகழ் தானாக வந்ததல்ல. டெக்கீலா என்ற பெயரை 1974-லும் மெஸ்கால் என்ற பெயரை 1994-லும் மெக்சிகோ இடப்பெயர் உரிமையாகக் காத்துக்கொண்டது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் டெஸ்மண்ட் நசரேத் என்பவர் தக்காணத்துக் கற்றாழையிலிருந்து மது வடித்து 2011-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதைக் கற்றாழை மது என்று சொல்லித்தான் விற்க முடிந்தது. டெக்கீலா என்று சீட்டு ஒட்ட வழியில்லை. 2016-ஆம் ஆண்டின் மெஸ்கால் தரவிதி இன்னும் நுட்பமானது. சாதாரண மெஸ்கால், கைத்தொழில் மெஸ்கால், மூதாதையர் முறை மெஸ்கால் என்று மூன்று வகுப்புகள். மூன்றாவது வகுப்பில் கற்றாழைத் தண்டை நிலக்குழியில் சுட வேண்டும், மண்பானையில் வடிக்க வேண்டும். எஸ்படீன் போலப் பயிராகும் இனமா, தொபலா போல மலைச்சரிவில் பல ஆண்டு காத்துக்கிடக்கும் காட்டினமா என்பதும் சீட்டில் வரும். அதனால் குடிப்பவர் சிறு கிண்ணத்தில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகச் சுவைத்து, புகையையும் மண்ணையும் இனத்தையும் பிரித்தறியப் பழகுகிறார். சட்டம் பாத்திரத்தைப் பெயர் சொல்லி எழுதும்போது குடிப்பவரின் நாக்கும் கூர்மையாகிறது. தடையை அந்த நாடும் கண்டிருக்கிறது. சொனோரா மாநிலத்தின் பக்கனோரா என்ற கற்றாழை மது 1915-ல் தடைசெய்யப்பட்டு, 1992 வரை மலைகளில் ஒளித்துக் காய்ச்சப்பட்டது. 2000-இல் அதற்கும் இடப்பெயர் உரிமை கிடைத்தது. எழுபத்தேழு ஆண்டுக் குற்றம் எட்டே ஆண்டில் பாரம்பரியமாயிற்று.

இனி பிசகு. டெக்கீலாவில் கற்றாழைச் சர்க்கரை பாதிக்குச் சற்று மேல் இருந்தால் போதும், மிச்சத்தைக் கரும்பு போன்ற வேறு சர்க்கரையால் நிரப்பலாம் என்று விதி தளர்ந்தது. பெயர் ஆலைகளின் கைக்குப் போயிற்று. நீலக் கற்றாழை ஒன்றையே, அதுவும் பக்கக் கன்றிலிருந்தே, பூக்கவிடாமல் பரப்பியதால் வயல் முழுக்க ஒரே ரத்தமாகி, 1990களின் இறுதியில் நோய் புகுந்தபோது பேரழிவாயிற்று. எனவே பெயரைக் காப்பது மட்டும் போதாது. பெயர் யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. அருகிலும் முன்மாதிரிகள் உண்டு. கோவா 2009-ல் முந்திரி ஃபெனி என்ற வடிமதுவுக்குப் புவிசார் குறியீடு வாங்கியது. யாழ்ப்பாணத்தில் பனஞ்சாராயம் சட்டப்படி வடிக்கப்படுகிறது. அங்கே பனையேறிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. ஆனால் வடிசாலையை முதல் வேலையாக இங்கே வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வடிகலன் முதலீட்டின் பொருள். அது வந்தால் ஏறுபவர் வெறும் சரக்குதாரர் ஆகிவிடுவார். கள் அப்படியல்ல. ஒரு நாளுக்கு மேல் நிற்காத பானத்தை ஆலை விழுங்க முடியாது.

எதிர்வாதங்களில் முதலாவது, குடி குடும்பத்தைக் கெடுக்கிறது என்பது. உண்மை. கள்ளும் போதைதான், அதை மருந்து என்று விற்பவர்களை நம்ப வேண்டியதில்லை. ஆனால் நான்கைந்து சதவீதச் சாராயம் உள்ள கள்ளைத் தடுத்துவிட்டு, 42.8 சதவீதம் உள்ள புட்டிகளை அரசின் டாஸ்மாக் நிறுவனமே 2003 முதல் சில்லறையில் விற்கும்போது, தடையின் நியாயம் குடும்பநலம் என்று சொல்ல முடியாது. இரண்டாவது வாதம் கலப்படம். கேரளக் கள்ளில் மயக்கமருந்து கலந்த வழக்குகள் பல உண்டு, மறுப்பதற்கில்லை. காரணத்தைப் பார்க்க வேண்டும். அங்கே குடிப்பவர் அதிகம், ஏறும் ஆள் குறைவு. பாலக்காட்டிலிருந்து லாரியில் தென்கோடி வரை கள் போகிறது. தூரம் கூடும்போது இல்லாத கள்ளை உண்டாக்க வேண்டிவருகிறது. மரத்தடியில், இறக்கியவரே, அன்றைக்கே விற்பது என்று விதி இருந்தால் கலப்படத்துக்கு இடமும் நேரமும் லாபமும் குறையும்.

மூன்றாவது வாதமே எனக்குக் கனமானது. பனையேற்றத்தை விட்டு வெளியே வந்ததுதான் இந்த மண்ணின் எளிய மக்களுக்குக் கிடைத்த விடுதலை. ஏணிக்கும் தளைநாருக்கும்கூட வரி கட்டிய தலைமுறைகளின் பேரப்பிள்ளைகளைத் திரும்ப மரத்தில் ஏற்றுவதா என்ற கேள்வி அது. ஏற்றக் கூடாது. பிறப்பால் ஏறும் தொழிலாக அது இனி இருக்கவே கூடாது. தை தொடங்கி சில மாதமே நீளும் பருவத்துக்கு, விழுந்தால் முதுகெலும்பு போகும் வேலைக்கு, விரும்பி வருபவருக்குக் கட்டுப்படியாகும் கூலி வேண்டும். கருப்பட்டி மட்டும் அதைத் தராது. ஒரு கிலோவுக்கு எட்டுப் பத்து லிட்டர் அக்கானியும் அரைநாள் விறகும் போகின்றன. கள்ளுக்கு விறகு வேண்டாம், இறக்கியதும் காசு. வருமானம் இல்லாத மரம் சூளைக்குப் போகிறது. பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அறிவித்தார்கள், நல்லதுதான். ஆனால் ஆள் ஏறாத பனையைக் காகிதம் நெடுநாள் காப்பாற்றாது.

இப்படித் தரம் வகுத்து விற்பதற்கு அந்நிய மாதிரியை மட்டும் நம்பவும் வேண்டாம். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், கிராமப் பொருளுக்குத் தரம் வகுத்துக் கூட்டாக விற்கும் முறையை இங்கே சோதித்துவிட்டு, பின்னாளில் அதே வேலைக்கு மெக்சிகோ போனார். இரு நாட்டு அனுபவத்தையும் 1949-ல் நூலாக்கினார். இங்கிருந்து அங்கே போன பாடம் இங்கேயே கிடக்கிறது. வேண்டியவை நான்கே. ஏறுபவருக்குத் தன் பெயரில் உரிமம், அன்றன்றைய கள்ளை மரத்தடியிலேயே விற்க அனுமதி, மரம், பருவம், கலயம் ஆகியவற்றைப் பெயர் சொல்லி எழுதிய தரவிதி, விபத்துக் காப்பீடு. பெயருரிமை ஏறுபவர்களின் கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்கட்டும். இந்த நான்கும் இல்லாமல் தடையை மட்டும் நீக்கினால் கள்ளுக்கடைக் குத்தகைக்காரரே வாழ்வார். நான்கையும் எழுதிவிட்டுத் தடையை நீக்குங்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலேயே முதலில் செய்து பாருங்கள்.