படம் காட்டாத எல்லை

கலைப்பீட மாணவனாகிய நான் மூளைச் சத்திரசிகிச்சை பற்றி எழுத முனைவது சிலருக்கு வியப்பளிக்கலாம். சென்ற ஆண்டு என் பெரியம்மாவின் தலையினுட்புறத்தை ஒரு கணினித் திரையிற் காண நேர்ந்தமையே இதற்குக் காரணம்.

பெரியம்மா முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவர். எனக்கு நன்னூலை முதலிற் சொல்லித்தந்தவரும் அவரே. அவரிடமிருந்து சொற்கள் ஒவ்வொன்றாகத் தவறத் தொடங்கின. ஒருநாள் 'அகப்பை' என்ற சொல் வராமல், கையை அசைத்துக் காட்டியபடி அடுக்களையில் நின்றார். காந்த அதிர்வுப் படத்தில், மூளையின் இடப்பக்கத்தே, பேச்சுக்குரிய பகுதியை அடுத்து ஒரு கட்டி தென்பட்டது.

அப்படத்தின் பின்னாலுள்ள நெடிய முயற்சியை நூலகத்திற் பின்னரே அறிந்தேன். 1895இல் றொன்ட்ஜன் கண்ட ஊடுகதிர் மண்டையோட்டைக் காட்டிற்று. மென்மையான மூளையை வேறுபடுத்திக் காட்டவில்லை. 1918இல் அமெரிக்கரான வோல்டர் டான்டி மூளையின் அறைகளுட் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். 1927இல் போர்த்துக்கல் நாட்டு எகாஸ் மொனிஸ் ஊடுகதிர் புகாத திரவத்தைக் குருதிக்குழாய்களிற் செலுத்தினார். அறையோ குழாயோ இடம் விலகியிருப்பதைக் கொண்டே பெரும்பாலும் கட்டியின் இருப்பிடம் ஊகிக்கப்பட்டது. 1971 ஒக்டோபரிலேதான், இலண்டன் விம்பிள்டனிலிருந்த அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த கருவி ஒரு நோயாளியின் மூளையைக் குறுக்குவெட்டாகக் காட்டியது.

இன்றோ, கருவியின் முனை எங்கே நிற்கின்றது என்பதைத் திரை காட்டுகின்றது. முன்கூட்டியே அருந்தக் கொடுக்கும் ஒரு மருந்தினால் சிலவகைக் கட்டிகள் நீல ஒளியிற் செந்நிறமாக ஒளிர்கின்றன. எனினும் மண்டையோட்டைத் திறந்ததும், உள்ளிருக்கும் நீர் வடிய, மூளை சற்றே அமிழ்ந்து இடம் மாறுகின்றது. முன்னர் எடுத்த படம் அக்கணமே பழையதாகிவிடுகின்றது.

படத்தைக் காட்டுமுன் சத்திரசிகிச்சை நிபுணர் கேட்டார்: "அம்மா என்ன வேலை பார்த்தவா?"

"தமிழ் ரீச்சர், டொக்டர்."

அவர் சிறிது மௌனமாயிருந்தார். "கட்டி எங்கை இருக்கெண்டு படம் சொல்லும், தம்பி. எவ்வளவை எடுக்கிறதெண்டு நீங்களும் சேர்ந்துதான் சொல்லவேணும்."

முழுவதையும் அகற்ற முயன்றால் ஆயுள் நீளலாம், பேச்சு போகலாம். ஒரு பகுதியை விட்டால் பேச்சு எஞ்சலாம். கட்டி மீண்டும் வளரலாம். பெரியப்பா முழுவதையும் எடுக்கவேண்டும் என்றார். அம்மா அழுதார். இரண்டு நாட்கள் விவாதித்தோம். பெரியம்மாவிடம் எவரும் கேட்கவில்லை என்பது மூன்றாம் நாளே எனக்கு உறைத்தது. கேட்டேன். நெடுநேரம் தேடிச் சொன்னார்: "எனக்குக் கதைக்கவேணும்."

ஒரு பகுதி விடப்பட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்கின்றோம்; முடிவு வரும்வரை வீட்டில் எவரும் உரக்கப் பேசுவதில்லை. நாம் செய்தது சரியா என்பதற்கு எந்தப் படத்திலும் விடையில்லை.

இக்கட்டுரையின் முதற்படியைப் பெரியம்மாவே திருத்தினார். இரண்டு சந்திப் பிழைகளைச் சொல்லித் திருத்தினார். மூன்றாவதில், விடுபட்டது 'ஒற்று' என்று சொல்ல அவருக்கு அச்சொல் வரவில்லை. பேனையை வாங்கி, அவ்விடத்தில் எழுத்தை எழுதி, அதன் தலையில் ஒரு புள்ளி வைத்தார்.